மேல்மலையில் தங்க வருவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் நகரைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என நீளும் ஊர்களை இப்பகுதி மக்கள் மேல்மலை என்பார்கள். ஒரு பக்கம் காய்கறித் தோட்டங்களும் மறுபக்கம் சோலைக்காடுமாக உள்ள ஒரு சரிவில் எங்கள் விடுதி இருக்கிறது. இரண்டு கூட்டறைகள், சில தனியறைகள், ஒரு பொதுச் சமையலறை, நீளமான ஒரு திண்ணை ஆகியவற்றைத் தவிர இங்கே வேறு வசதி எதுவும் கிடையாது. தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகவே பதில் எழுதியிருக்கிறோம். முன்பதிவுக்கு முன் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

குறைந்தது எத்தனை இரவுகள் தங்க வேண்டும்?

மூன்று இரவுகளுக்குக் குறைவாக நாங்கள் முன்பதிவு ஏற்பதில்லை. ஐந்தாறு இரவுகள் தங்க முடிந்தவர்கள் அப்படியே திட்டமிடுவது நல்லது. சமவெளியிலிருந்து புறப்பட்டு மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி வந்து சேரும் நாள் பயணத்திலேயே கழிந்துவிடுகிறது. மறுநாள் உடம்பு பழைய தூக்கக் கடனை அடைக்கிறது. அதற்கு அடுத்த நாள்தான் கண்ணும் காதும் சுற்றுப்புறத்தின் பக்கம் திரும்புகின்றன. ஒரே இரவு தங்குகிறவர் தூண் பாறை, பைன் காடு, கோக்கர்ஸ் வாக், பசுமைப் பள்ளத்தாக்கு என்று பட்டியலை முடிக்கும் அவசரத்தில் பாதிப் பகலை வாகன நெரிசலிலேயே கழித்துவிட்டு இறங்குவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம். அப்படிச் சுற்றிப் பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை; அதற்கு நகரில் உள்ள விடுதிகள் எங்களைவிட வசதியானவை.

நிதானமாகத் தங்குவது இந்த மலைக்குப் புதிதும் அன்று. மதுரையிலிருந்த அமெரிக்க மதப்பணியாளர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்களுக்கும் தப்ப 1845-இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, சுமை தூக்கிகளின் தோளிலோ ஏற வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு ஏறியவர்கள் கோடை முழுவதும் தங்கிவிட்டுத்தான் இறங்கினார்கள். ஏறுவது எளிதாக எளிதாகத் தங்கும் காலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

அத்தனை நாளும் ஒரே இடத்தில் இருந்து என்னதான் செய்வது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் சற்றுக் கவலையோடு கேட்கப்படுகிறது.

மலையில் பொழுதைப் பங்கிடுவது வெயிலும் மஞ்சும்தான். பனிக்காலம் முடிந்த பின் வரும் மாதங்களில் விடியற்காலை முதல் முற்பகல் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து எதிர்ச்சரிவை மூடிவிடும். ஆகவே நடக்க விரும்புகிறவர்கள் காலையிலேயே நடந்துவிட வேண்டும். தோட்டங்களுக்கு நடுவே ஊர்வரை போகும் மண்பாதை ஒன்று இருக்கிறது. படிப்படியாக வெட்டப்பட்ட பாத்திகளில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் பருவத்துக்கு ஏற்ப மாறி மாறி நிற்கும். களை எடுக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கக் கிடைப்பவையும் உண்டு. பழனி சிரிப்பான் என்ற பறவை பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லை. அப்படிப்பட்ட பறவை எங்கள் வேலிப் புதருக்கு நாள்தோறும் வந்து பழம் தின்கிறது. முதல் நாள் பலரும் அதை ஏதோ ஒரு குருவி என்று விட்டுவிடுவார்கள். இரண்டு காலை வேளைகள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் வெண்புருவமும் சாம்பல் நெஞ்சும் செம்பழுப்பு வயிறும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். அது ஒற்றையாக வருவது அரிது. ஒன்று குரல் கொடுத்தால் மற்றொன்று புதருக்குள்ளிருந்து பதில் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து சத்தமிட்டால், பூனையோ பருந்தோ அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிற்பகலில் மஞ்சு இறங்கிய பிறகு படிக்கலாம், தூங்கலாம், சமையலறையில் பூண்டு உரிக்கலாம். எதுவும் செய்யாமல் இருக்கவும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. சலிப்பு ஏற்படுமா என்றால், ஏற்படும். பெரும்பாலும் இரண்டாம் நாள் பிற்பகலில் ஏற்படும். அந்தச் சமயத்தில் வண்டி பிடித்து நகருக்குப் போய்விடாமல் பொறுத்திருந்தவர்கள்தான் கூடுதலாக இரண்டு நாள் தங்க இடம் இருக்கிறதா என்று பிறகு கேட்டு வருகிறார்கள்.

மேல்மலையா, கீழ்மலையா? எது எங்களுக்குப் பொருந்தும்?

எங்கள் இடத்தையே பரிந்துரைப்போம் என்று எதிர்பார்க்காதீர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் முதலிய கீழ்மலை ஊர்கள் உயரம் குறைந்தவை. அங்கே குளிர் மிதமானது. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் ஆரஞ்சும் மலைவாழையும் நிழலோடு வளர்ந்திருக்கும். தாண்டிக்குடிப் பக்கத்தில் கற்பதுக்கைகளையும், அதாவது கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னங்களையும், காணலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்களும், குளிர்ந்த காற்றில் மூச்சிரைப்பு வருகிறவர்களும், கைக்குழந்தையோடு வருகிறவர்களும் கீழ்மலையில் தங்குவதே நல்லது. திறந்த வெளியும் கடுங்குளிரும் நீண்ட நடையும் வேண்டுமென்பவர்களுக்கு மேல்மலை.

எந்த மாதத்தில் வரலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் இருபது டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் என்பதால் சமவெளி முழுவதும் இங்கே ஏற முயல்கிறது. வேறு விடுமுறையே கிடைக்காதவர்கள் தவிர மற்றவர்கள் அந்த இரண்டு மாதங்களையும் தவிர்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசினாலும், ஆனைமலை முகடுகள் மறைப்பதால் மழையின் வேகம் இங்கே தணிந்து, சாரலும் மஞ்சும் காற்றுமாக வந்து சேர்கிறது. இப்பகுதியின் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றில், அக்டோபர் முதல் டிசம்பர்த் தொடக்கம் வரை பெய்வது. அந்த வாரங்களில் மண்சரிவால் சாலை மூடப்படுவதும் உண்டு. இறங்கும் நாளை ஒரு நாள் முன்பின்னாக மாற்றிக்கொள்ள இயலாதவர்கள் அப்போது வர வேண்டாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். விடிந்ததும் புல் நுனிகள் வெள்ளையாக நிற்கும், வெயில் பட்டதும் கரைந்துவிடும். அமைதியும் தெளிந்த வானமும் சேர்ந்து கிடைப்பது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை.

மழை பெய்துகொண்டே இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. கம்பளியும் சுக்குக் காப்பியும் கூடுதலாகக் கிடைக்கும்.

குறிஞ்சிப் பூவைப் பார்க்க முடியுமா?

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூப்பது. கடைசியாக 2018-இல் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம். குறிஞ்சி இனத்தில் வேறு பல செடிகள் உண்டு என்பதால் இடைப்பட்ட ஆண்டுகளிலும் எங்கேனும் ஒரு சரிவில் ஏதோ ஒரு வகை பூத்திருக்கும். அதைப் படமெடுத்து நீலக்குறிஞ்சி பூத்துவிட்டதாகப் பரப்புவது வழக்கமாகிவிட்டது. அதை நம்பி வண்டி ஏற வேண்டாம்.

எப்படி வந்து சேர்வது? இ-பாஸ் வேண்டுமா?

ரயிலில் வருகிறவர்கள் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக ஏறும் பேருந்தைப் பிடிக்கலாம். மதுரை, திண்டுக்கல், தேனி, பழனி ஆகிய ஊர்களிலிருந்தும் கொடைக்கானலுக்கு அரசுப் பேருந்துகள் உள்ளன. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து மேல்மலை ஊர்களுக்குப் போகும் பேருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. கடைசி வண்டியைத் தவறவிட்டால் வாடகை வண்டிக்குக் கணிசமாகச் செலவாகும். ஆகவே பிற்பகலுக்குள் கொடைக்கானலை அடைந்துவிடுமாறு புறப்படுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் வருவோர் இணையத்தில் இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. பேருந்தில் வருவதையே நாங்களும் விரும்புகிறோம். வாசலில் வண்டி நின்றால் அதை எடுத்துக்கொண்டு எங்காவது போக வேண்டும் என்ற எண்ணம் ஓயாது. மேலும் எங்களிடம் வாகனம் நிறுத்த இரண்டு வண்டிக்குத்தான் இடம் இருக்கிறது.

மலைச்சாலையில் குமட்டல் வருமே?

பேருந்தின் முன்பாதியில், சன்னலோரமாக, சாலையைப் பார்த்தபடி உட்காருங்கள். கைப்பேசியைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையப் பரோட்டாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவது பழைய பழக்கம்; அதனால் பலருக்கு நிம்மதி கிடைப்பதைப் பார்த்திருக்கிறோம்.

கைப்பேசித் தொடர்பும் இணையமும் இருக்குமா? இங்கிருந்தே அலுவலக வேலை பார்க்கலாமா?

சரிவின் சில இடங்களில் தொடர்பு கிடைக்கும், சில இடங்களில் கிடைக்காது. மழைக்காலத்தில் மின்சாரமும் நினைத்தபோது போய்வரும். அவசரச் செய்தி சொல்லவும் வீட்டாரோடு பேசவும் வழி உண்டு. காணொளிக் கூட்டங்களில் கலந்துகொள்ள இந்த இடம் உதவாது. வேலையையும் ஓய்வையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைத்து வந்தவர்கள், சிக்னல் தேடி மதிலோரமாகக் கணினியை ஏந்திக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகே இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறோம்.

தனியாக வரும் பெண்கள் தங்கலாமா?

தங்கலாம். பெண்களுக்கெனத் தனிக் கூட்டறையும் அதை ஒட்டியே குளியலறையும் உள்ளன. இரவில் விடுதியில் பெண் பணியாளர் இருப்பார். பொழுது சாய்ந்த பிறகு வந்து சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டாம் என்பது ஆண்கள் பெண்கள் அனைவருக்கும் நாங்கள் சொல்வது. அதற்குக் காரணம் காட்டுமாடுகள்.

காட்டுமாடுகளால் ஆபத்து உண்டா? காட்டுக்குள் தனியாக நடக்கலாமா?

காட்டெருமை என்று புத்தகங்கள் குறிப்பிடும் விலங்கைத்தான் இங்கே காட்டுமாடு என்கிறோம். கன்னங்கரிய உடலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தது போன்ற கால்களும் கொண்ட இது மேய்ச்சலுக்காகத் தோட்டங்களுக்கும் சாலைக்கும், ஏன், கொடைக்கானல் கடைத்தெருவுக்குமே வந்துவிடுகிறது. நின்று மெல்ல அசைபோடுவதைப் பார்த்து வீட்டு மாடு போலச் சாதுவானது என்று எண்ணி அருகே போய்ப் படமெடுக்க முயன்றவர்கள் முட்டுப்பட்டிருக்கிறார்கள். ஒரு டன் எடைவரை வளரும் விலங்கு அது. திரும்பிப் பாய்வதற்கு அதற்கு நொடி நேரம் போதும். தலையைத் தாழ்த்திச் சீறினால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்கு முன்பே, அது உங்களைப் பார்க்கத் தொடங்கியபோதே, பேசாமல் பின்வாங்கி வேறு வழியில் போய்விடுங்கள். தனித்து மேயும் கிழட்டுக் காளையிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

காட்டுக்குள் அனுமதியின்றி எவரும் நடக்கக் கூடாது. கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரிக்குப் போகவும் வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும், யானைகள் நடமாடும் நாட்களில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். மலையேற்றத்தில் ஆர்வம் உள்ளவர்கள் தமிழக அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போகலாம். அனுமதியில்லாமல் கூட்டிப் போகிறேன் என்று சாலையோரத்தில் அழைப்பவர்களோடு போகாதீர்கள். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த மலை மக்கள் மறக்கவில்லை.

எங்கள் நிலத்தின் எல்லைவரை வரும் சோலையை ஓரத்தில் நின்றே பார்க்கலாம். பைன் காட்டையும் சீகை மரக்கூட்டத்தையும் தைல மரங்களையும் பார்த்துவிட்டு அவற்றையே மலையின் பழங்காடு என்று எண்ணுகிறவர்கள் பலர். அவையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. அவற்றில் பெரும்பகுதி பழைய புல்வெளிகளின் மேல் நிற்கிறது. சோலையில் மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, பாசி படிந்து நிற்கும். தரையில் மக்கிய இலையைக் கையால் அழுத்தினால் கோடையிலும் ஈரம் கசியும். சமவெளி ஆறுகளுக்கு இறங்கும் ஓடைகள் இந்த ஈரத்திலிருந்து பிறப்பவை. எங்கள் குழாயில் வரும் தண்ணீரும் அதுவே என்பதால் வாளிக் கணக்கில் வெந்நீர் கேட்பவர்களிடம் சற்றுக் கெடுபிடியாக இருக்கிறோம்.

இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு வைக்கலாமா? கூடாரம் அடிக்கலாமா?

மூன்றுமே கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த புல்லில் ஒரு தீப்பொறி விழுந்தால் ஒரு சரிவே எரிந்துவிடும். ஒலிபெருக்கி எந்த மாதத்திலும் கிடையாது.

காளான் கிடைக்குமா?

சமையலறையில் மொட்டுக் காளான் குழம்பு சில நாட்களில் உண்டு. நீங்கள் கேட்பது மற்றதை என்றால், அது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல்துறை சோதனைக்கு வரும். அப்படிப்பட்டவர்களை அன்றே வெளியேற்றிவிடுவோம்.

சாப்பாடு எப்படி இருக்கும்?

அன்றன்று தோட்டத்திலும் ஊரிலும் கிடைப்பதை வைத்துச் சமைக்கிறோம். காலையில் இட்லி அல்லது கேழ்வரகுக் கூழ், மதியம் சோறு, குழம்பு, இரண்டு காய், இரவில் சப்பாத்தியோ தோசையோ இருக்கும். பூண்டு ரசம் நாள்தோறும் உண்டு. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு என்று சொல்லி ஒன்றரைக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுச் சமையலறையில் நீங்களே சமைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தை நீங்களே கழுவி வைக்க வேண்டும்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லா, கணுக்கால்வரை மூடும் காலணி, கைவிளக்கு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், தண்ணீர் நிரப்பிக்கொள்ள எஃகுக் குப்பி ஆகியவை போதும். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உள்ளது. கொண்டு வந்தால் பாட்டில் ஒன்றுக்கு இருபது ரூபாய் பசுமை வரி கட்ட நேரிடும். குளிராக இருந்தாலும் உயரத்தில் வெயில் தோலைச் சுடும் என்பதால் தொப்பி அவசியம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்தால் பாதித் தொல்லை தீரும், ஏறிவிட்டால் சிறிது உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

ஊருக்குள் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இவை வேடிக்கை பார்ப்பதற்காக அமைத்த ஊர்கள் அல்ல. பாத்திக்கு நடுவே இறங்கிப் படமெடுத்தால் நாற்று மிதிபடும். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுப்பது முறையாகாது. கொடைக்கானலுக்குக் கீழே சரிவில் உள்ள வெள்ளகவி என்ற ஊரில் குடியிருப்பவர்கள் ஊரெல்லைக்குள் செருப்பு அணிவதில்லை, வருகிறவர்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மற்ற ஊர்களில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் காலையில் போய்விட்டு அங்கேயே தேநீர் குடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் எந்த ஊர் என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவார். பெரியவர்களை ஐயா, அம்மா என்று அழைத்துப் பேசினால் போதும்.

ஊருக்குப் போகும்போது மலைப்பூண்டு வாங்கிப் போகலாமா?

வாங்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு சமவெளிப் பூண்டையே மலைப்பூண்டு என்று விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். மலைப்பூண்டு சற்றுப் பழுப்பாக இருக்கும், ஒரு பல்லை நசுக்கினால் காரமான வாசனை கையை விட்டுப் போக நேரமாகும். அறுவடையானதும் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிடுவது இங்குள்ள வீடுகளின் வழக்கம். அப்படிப் புகை ஏறியது மாதக்கணக்கில் கெடாது. நகரக் கடையில் உதிரியாக வாங்குவதைவிட ஊரில் விளைவித்தவரிடமே கட்டாக வாங்குங்கள். அவர் சொல்லும் விலையில் பேரம் பேசலாம். பத்து இருபது ரூபாய்க்கு மேல் பேச வேண்டாம். பேருந்தில் கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைத்தால் வியர்த்து முளைவிடும் என்பதால் சாக்குப் பையோ துணிப் பையோ கையோடு கொண்டு வாருங்கள்.